பதினாலாம் வரிசை உளுந்து

மதிப்பிற்குரிய பேராசிரியர் பாகீரதி அம்மா அவர்களுக்கு,

உங்களிடம் ஆராய்ச்சி செய்யும் செம்மொழியின் தகப்பன் வைரக்கண்ணு, திருவாரூர்ப் பக்கத்திலிருந்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி அம்சமும் நலம். தாங்களும் நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும் இருக்க வேண்டும்.

வேரழுகல் நோயைத் தாங்கும் உளுந்து ரகம் எடுக்க, எங்கள் வயலில் அவள் வரிசைக்கு இருபது செடியாக முப்பது வரிசை விதைத்தது தாங்கள் அறிந்ததே. விதைக்கும் முன்பே, பாட்டிலில் கொண்டுவந்த அந்த நோய்ப் பூஞ்சாணத்தை மண்ணில் கலந்துவிட்டாள். அந்த நோயிலும் எது சாகாமல் நிற்கிறதோ அதில்தான் விதை எடுக்க வேண்டுமாம். புரிந்தது அம்மா. ஆனால் இது நாற்பது வருடமாகப் பயிரைப் பிழைக்கவைத்தே பழகிய கை. காலையில் மூன்று செடி வாடும், சாயங்காலம் ஏழு. போதாததற்குப் பக்கத்து வயல் குணசேகரன் வரப்பில் நின்றுகொண்டு, "என்னண்ணே, படிக்கப் போன பொண்ணு உளுந்துக்குச் சீக்கு வாங்கிட்டு வந்திருக்கு?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி விசாரிக்கிறான்.

போன வாரம் செம்மொழி நான்கு நாள் கருத்தரங்குக்குப் போனாள். "அப்பா, சாவுறது சாவட்டும். நீங்க அந்தப் பக்கமே போவாதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னாள். அன்றைக்கே போனேன். பக்கத்தில் நான் தனியாக விதைத்திருந்த உளுந்திலிருந்து நல்ல செடியாக ஒன்பதை மண்ணோடு பெயர்த்து, செத்த இடங்களில் நட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பு தண்ணீரும் ஊற்றினேன். எந்தெந்த வரிசை என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. பிறகு பயம் பிடித்துக்கொண்டது, எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தவள் வயலிலிருந்து ஓடிவந்தாள். "அப்பா! பதினாலாம் வரிசையில இருபதும் நிக்குதுப்பா! ஒண்ணுகூட சாவல!" என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மூன்று வருடமாக உழைக்கிற பிள்ளை. அந்த இருபதில் நான் நட்டது எத்தனையோ என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வேன்? உடனே தங்களுக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னீர்களாம். அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

ஆகவே அம்மா, குற்றம் முழுக்க என்னுடையது. அவள் பட்டத்தில் கை வைத்துவிடாதீர்கள். வேண்டுமானால் மறுபடியும் விதைக்கட்டும். அறுக்கிற வரைக்கும் நான் வேதாரண்யத்தில் தங்கை வீட்டில் இருந்துகொள்கிறேன்.

தங்கள் குடும்பமும் தாங்கள் வளர்க்கும் பயிர்களும் நோய்நொடியில்லாமல் தழைக்கட்டும். பயிர்கள் விஷயத்தில் தங்கள் விருப்பம்போல்.

இப்படிக்கு,
தலை நிமிர முடியாத
வைரக்கண்ணு

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டதால் அதன் முதுகில் எழுதுகிறேன். தபாலில் போடக் கிளம்பும்போது அம்சம் விடாமல் கேட்டதில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அந்த ஒம்போதா? நட்ட அன்னிக்கு சாயங்காலமே பிடுங்கி மாட்டுக்குப் போட்டுட்டேன். காஞ்ச வயல்ல அங்கங்க ஈரமா இருந்தா எனக்குத் தெரியாதா?" என்றாள். முன்பே சொல்லக் கூடாதா என்றேன். "சொல்லியிருந்தா திரும்பவும் போயி நட்டிருப்பீங்க" என்றாள். ஆக, அந்த இருபதும் செம்மொழியின் செடிகளேதான். உள்ளே இருக்கும் கடிதத்தைப் படிக்காமல் கிழித்துப் போட்டுவிட்டு, வியாழக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கே வந்துவிடவும்.