டிரெசர் வைத்தியம் பார்த்த கார்

என்ஜின் நன்றாகப் படிந்து வரும்வரை இந்தக் காரைத் தன்னைத் தவிர வேறு யாரும் ஓட்டக் கூடாது என்று அப்பா எங்கள் வீட்டு ஹாலில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அப்பா. வழிமொழிந்தவரும் அப்பா. எதிர்த்து வாக்களித்தவள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த நான் ஒருத்தி. அம்மா நடுநிலை வகித்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள்.

நான் கேட்கிறேன், எதிர்க்க வேண்டியவள் யார்? நானா? எனக்கு லைசென்ஸே கிடையாது. பெண் உரிமையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பேசிக்கொண்டே இருந்ததில் அதை எடுக்க நேரம் கிடைக்கவில்லை. லைசென்ஸ் வைத்திருப்பவள் அம்மா. அதுவும் முதல் தடவையிலேயே எடுத்தவள். அப்பா எத்தனையாவது தடவையில் எடுத்தார் என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் எழுப்பாத கேள்வி.

அப்பாவின் பெயர் பசுபதி. கோலசிலாங்கூரிலிருந்து பத்துக் கட்டை, அதாவது பத்து மைல், உள்ளே போனால் வரும் செம்பனைத் தோட்டத்தில் பெரிய கிராணி, எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர். விடியுமுன் எழுந்து பெரட்டுக் களத்தில் நின்று தோட்டம் முழுவதையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிறவர். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் குரலை இறக்கி வைக்க மாட்டார். எண்பத்தாறாம் வருஷம் எல்லாரும் செலவைக் குறைத்துக்கொண்டிருந்தபோது இவர் புதுக் கார் வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? வெள்ளிக்கிழமை கோயிலுக்கு ஓட்டினார். மற்ற நாட்களில் துடைத்தார். இருக்கைகளின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. அதில் உட்கார்ந்து எழுந்தால் முதுகுத் தோல் காருக்குச் சொந்தமாகிவிடும்.

அம்மாவுக்கு அந்தக் கார் எதற்கு என்றால், கோலசிலாங்கூர்க் கோயில் கமிட்டி ஒரு தமிழ்ப் பாலர்பள்ளி தொடங்குகிறது. அதில் அம்மாவை ஆசிரியையாக வரச் சொல்லியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் படிப்பித்தவள். அதற்குப் பிறகு என்னை ஒருத்தியைத்தான் படிப்பித்தாள். அதன் பலனைத்தான் நீங்கள் வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள். தோட்டத்திலிருந்து கிளம்பும் காலை பஸ் டவுனுக்குப் போய்ச் சேருவதற்குள் பாலர்பள்ளிப் பிள்ளைகள் பாதிப் பாடம் முடித்து மைலோ குடித்துக்கொண்டிருப்பார்கள். கார் இருந்தால் வேலை உண்டு. இல்லையென்றால் இல்லை. பொறுப்பாளர் கலாவதி டீச்சர் கோயில் வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்.

"இந்த மாசக் கடைசிக்குள்ள சொல்லிடுங்க லா. இன்னொருத்தங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

நான் அன்று மாலையே அப்பாவைப் பிடித்தேன்.

"அப்பா, அம்மாவுக்கு லைசென்ஸ் இருக்குது."

"ஓம். அது அரசாங்கம் குடுத்தது. கார் அரசாங்கம் குடுத்ததோ?"

"குடும்பத்துக் கார் எண்டால் எல்லாருக்கும் உரிமை இருக்குது."

"உரிமைக்கும் பிஸ்டனுக்கும் என்ன பிள்ளை சம்பந்தம்? புது என்ஜின் ஒரு ஆளின்ர காலுக்குத்தான் பழக வேணும். ரெண்டு கால் மாறி மிதிச்சால் தேய்மானம்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுறன்."

"எப்ப படியும்?"

"ஓட ஓடப் படியும்."

"நீங்கள்தான் ஓட்டுறதே இல்லையே."

"ஓட்டினால் தேயும்."

இந்த மாதிரி ஒரு வாதத்தை எந்தப் பல்கலைக்கழகத்திலும் உடைக்க முடியாது. உள்ளே போக வாசலே இல்லாத வீடு அது. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா வாழைக்காயை எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பாவுக்குத் தினமும் காலையில் ஒரு பூசை உண்டு. பெரட்டு முடிந்து வந்ததும் கார் மூடியைத் தூக்குவார். என்ஜின் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியை உருவுவார். வெள்ளைத் துணியில் துடைப்பார். மறுபடி விட்டு மறுபடி உருவுவார். விரலில் தொட்டுத் தேய்ப்பார். மோந்து பார்ப்பார். நாக்கில் வைக்கவில்லை என்று அம்மா சத்தியம் செய்கிறாள், எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு நாள் காலை அந்தத் துணியோடு அப்பா சமையல் நடந்துகொண்டிருந்த குசினிக்குள் வந்தார். முகத்தில் இரத்தமே இல்லை.

"வாகீஸ்வரி, இஞ்ச பாரும்."

அம்மா பார்த்தாள். "என்னப்பா, கறுப்பாய்க் கிடக்குது."

"அதைத்தான் நானும் சொல்லுறன். வாங்கேக்க தேன் மாதிரி இருந்தது. இப்ப கரி. உள்ளுக்க ஏதோ தேயுது."

"எண்ணெய் எண்டால் கறுக்கும்தானே அப்பா," என்றேன் நான்.

"நீ பேசாமல் இரு. நீ படிக்கிறது சரித்திரம்."

"மெக்கானிக்கிட்டக் காட்டுவமோ?" என்றேன் விடாமல்.

"அவன் கழட்டிப் போட்டுட்டு ரெண்டு ஆணி மிச்சம் எண்டு கையில தருவான். ஏலாது."

அப்போதுதான் அம்மா ஒரு யோசனை சொன்னாள். "டிரெசர் அண்ணையைக் கூப்பிட்டுக் காட்டுங்கோவன்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வீரசிங்கம் டிரெசர் எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரெசர். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பார், புண்ணுக்குக் கட்டுப் போடுவார். அதோடு நின்றால் பரவாயில்லை. தோட்டத்தில் மாடு படுத்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், ரேடியோ படுத்தாலும் அவரைத்தான். அவரும் வருவார். ரேடியோவுக்கு நாடி பார்க்காத குறை. பத்திரிகையில் பாதிப் பக்கம் விஞ்ஞானம் வரும் இந்தக் காலத்தில், படித்த ஒரு பெண்மணி, என்ஜினுக்கு டிரெசரைக் கூப்பிடுவதா? அதுவும் தன்னுடைய வேலை அந்தக் காரில் தொங்கிக்கொண்டிருக்கும்போது?

டிரெசர் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். என்ஜினை ஓடவிடச் சொல்லி, கார் மூடிக்குக் கீழே குனிந்து, கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எண்ணெயை ஒரு சின்ன மருந்துப் போத்தலில் எடுத்து வெயிலுக்கு எதிரே பிடித்தார்.

"ஐசே பசுபதி, இரத்தம் கெட்டுப் போயிருக்குது."

"ஐயோ, கன நாளாவோ?"

"இளம் உடம்புதானே. பயப்பிடத் தேவையில்லை. அலைச்சல் கூடிப்போச்சு."

"கோயிலுக்கு மட்டும்தான் அங்கிள் போறது," என்றேன்.

"சின்ன உடம்புக்கு அதுவும் அலைச்சல்தான் பிள்ளை. பூரண ஓய்வு குடுக்கவேணும். ஓட்டக் கூடாது. காலமையில மட்டும் ஸ்டார்ட் பண்ணி, சூடேற முந்தி நிப்பாட்டிப் போடு. நாடி நிக்காமல் இருக்கத்தான்."

இப்படியாக எங்கள் கார் மருத்துவ விடுப்பில் போனது. அப்பா வெள்ளிக்கிழமை கோயிலுக்கு டிரெசரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போனார். தினமும் காலையில் என்ஜின் ஒரு தடவை இருமும், அப்பா நிறுத்துவார். மேலே ஒரு போர்வை வேறு. மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அம்மாவிடம் உரிமைகள் பற்றி, பொருளாதாரச் சுதந்திரம் பற்றி, மௌனம் சம்மதம் ஆகிவிடும் ஆபத்து பற்றி விளக்கினேன். அம்மா முழுவதையும் கேட்டாள்.

"நல்லாய்ப் பேசுறாய் பிள்ளை," என்றாள். "அந்தத் தேங்காயைத் துருவிக்கொண்டே பேசு."

சில நாள் கழித்து அப்பா எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகிக் கழற்றினார். கழற்றியதும் அப்படியே பக்கத்துச் செம்பனைக் கன்றுக்குப் போட்டிருந்த வேலிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். மூடியின் உட்புறம் முழுக்க வெள்ளையும் மஞ்சளுமாய், தயிர் ஆடை மாதிரி, கொழகொழவென்று என்னமோ அப்பிக்கொண்டிருந்தது.

டிரெசர் ஓடி வந்தார். ஒரு குச்சியால் தொட்டுப் பார்த்தார்.

"சீழ்," என்றார்.

அப்பா அன்று பகல் சாப்பிடவில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு தட்டுச் சாப்பிட்ட மனிதர்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். டிரெசருக்குக் கோப்பி கொடுத்தாள். பவ்வியமாகத் தூணோரம் நின்றாள்.

"டிரெசர் அண்ணை, எனக்கு ஒரு சந்தேகம். இவருக்குக் குடலிறக்க ஒப்பரேஷன் செய்து வந்தாப்போல, நீங்கள் இவரைப் படுக்க விட்டனீங்களோ?"

"படுக்க விடுறதோ? அடுத்த நாளே எழுப்பி, பந்தடித் திடலைச் சுத்தி நடக்கவெல்லோ விட்டனான். அழுதவர்."

"நான் அழேல்லை," என்றார் அப்பா.

"ஏன் அண்ணை நடக்க விட்டனீங்கள்?"

"பின்னை? படுத்தே கிடந்தால் நெஞ்சில சளி கட்டும். இரத்தம் உறையும். உடம்பு சூடாகி வேர்த்தால்தானே கெட்ட நீர் வெளியில போகும்."

"அப்ப இதுக்கு?" என்று அம்மா மூடியைக் காட்டினாள்.

டிரெசர் மிச்சக் கோப்பியை ஒரே மடக்கில் குடித்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"பசுபதி, நானும் அதைத்தான் சொல்ல வந்தனான். ஓய்வு காணும். இனி நடை."

"எவ்வளவு தூரம் அண்ணை?" அம்மாவின் குரலில் அத்தனை பணிவு. "பத்துக் கட்டை காணுமோ?"

"பத்துக் கட்டை போகவேணும். ஆறவிடவேணும். பிறகு பத்துக் கட்டை வரவேணும்."

"எவ்வளவு நேரம் ஆறவிடுறது? மத்தியானம் வரைக்கும் நிழலில விட்டால்?"

"உத்தமம்."

"தினமுமோ?"

"ஞாயிறு தவிர. உடம்புக்கு ஒரு நாள் ஓய்வு வேணும்தானே."

அப்பா விழித்துக்கொண்டார். "காலமையில எனக்குப் பெரட்டு இருக்குது. பின்னேரம் நான் கொண்டுபோறன்."

"பின்னேரம் மழை பெய்யுதே," என்றாள் அம்மா. "இந்த நிலைமையில ஈரக் காத்துப் படலாமோ அண்ணை?"

"கூடவே கூடாது," என்றார் டிரெசர்.

"அப்ப ஆர் ஓட்டுறது?" என்றார் அப்பா.

டிரெசருக்கு ஆஸ்பத்திரி. எனக்கு லைசென்ஸ் இல்லை. மூன்று பேரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா தயங்கினாள். எனக்குப் பயமாயிருக்குது அண்ணை, புது என்ஜின், இவர் விடமாட்டார் என்றெல்லாம் சொன்னாள். அப்பா கெஞ்ச வேண்டியதாயிற்று. ஆம், வாசகர்களே, கெஞ்சினார். என் கண்ணால் பார்த்தேன். அம்மா கடைசியில், உங்களுக்காகச் செய்யிறன் என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

கலாவதி டீச்சருக்கு அன்று மாலையே தகவல் போயிற்று.

அடுத்த வாரத்தில் மூடியில் இருந்த தயிர் போன இடம் தெரியவில்லை. டிரெசர் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பக்கத்துத் தோட்டங்களிலும் சொற்பொழிவு நடத்தினார். எண்ணெய் பழையபடி கறுத்தது. இப்போது அது உழைக்கிற இரத்தமாம், ஆரோக்கியத்தின் அடையாளமாம். அப்பாவும் தலையாட்டினார்.

எனக்குத்தான் மண்டை வெடித்தது. அம்மாவைத் தனியே பிடித்தேன்.

"அது சீழ் இல்லையே அம்மா?"

"சோறு அரை அவியலில அடுப்பை நிப்பாட்டினால் மூடியில தண்ணி கோக்கும்தானே? தினமும் அரை அவியலில நிப்பாட்டினவர். தண்ணி போக வழியில்லை. எண்ணெயோட கலந்து நுரைச்சுது. நல்லாய்ச் சூடேற ஓடவிட்டால் ஆவியாய்ப் போகுது. அவ்வளவுதான்."

"இது முதலே தெரிஞ்சிருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாமே."

"மெக்கானிக் உண்மையைச் சொல்லிப் போடுவான் பிள்ளை. காருக்கு ஒண்டும் இல்லை எண்டு அப்பாவுக்குத் தெரிஞ்சால் அதைத் திரும்பவும் மூடி வைச்சிடுவார்."

அப்பாவுக்கு விஷயம் புரிய மேலும் ஒரு வாரம் ஆயிற்று. கோயிலில் யாரோ ஒருவர், உங்கள் மனைவி என் பேரனுக்கு ஆனா ஆவன்னா எவ்வளவு அழகாய்ச் சொல்லிக் கொடுக்கிறார் என்று வாழ்த்திவிட்டார். அப்பா மடித்துக் கட்டிய வேட்டியோடு வீட்டுக்கு வந்தார்.

"நீர் பாலர்பள்ளியில படிப்பிக்கிறீராம்."

"ஓமப்பா. கார் ஆறுற நேரத்தில சும்மா என்னெண்டு இருக்கிறது?"

"கார் சுகமாயிட்டுது. இனி நடை தேவையில்லை."

"சரி. நாளைக்கே நிப்பாட்டுறன்." அம்மா கொஞ்சமும் குரலை உயர்த்தவில்லை. "திரும்பவும் சீழ் வைச்சால் மட்டும், டிரெசர் அண்ணையின்ர மருந்தை இடையில நிப்பாட்டினது நீங்கள்தான் எண்டு நீங்களே அவரிட்டச் சொல்லிப்போடுங்கோ."

அப்பா கார் மூடியைப் பார்த்தார். ஆஸ்பத்திரி இருக்கும் திசையைப் பார்த்தார். தோட்டத்தில் ஆயிரம் பேரை அதட்டுகிற குரல் தொண்டை வரை வந்தது, திரும்பிப் போய்விட்டது. பெரட்டுக்குப் புறப்பட்டார், அன்றைய பெரட்டு காலையிலேயே முடிந்துவிட்டது என்பதையும் மறந்து.

நான் மகிழ்ந்தேனா? இல்லை. எனக்குக் கொள்கை முக்கியம். அம்மாவிடம் நேராகவே சொன்னேன்: ஏமாற்றி வாங்கியது உரிமை ஆகாது, உரிமையை முகத்துக்கு நேரே வாதாடித்தான் வாங்க வேண்டும், நீங்கள் செய்தது பெண்ணினத்துக்கே பின்னடைவு.

அம்மா காரில் ஏறி, சாவியைத் திருப்பி, கண்ணாடியை இறக்கினாள்.

"நீ சொல்லுறது சரி பிள்ளை. நான் இல்லாத நேரம் அப்பாவுக்கு ஆர் சமைக்கிறது எண்டு நீயே அவரோட நேர்மையாய் வாதாடித் தீர்த்து வை. தீருற வரைக்கும் சமையலை நீ பார்."

வாதம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. இன்றைக்குக் குழம்பில் உப்புக் கொஞ்சம் கூடவாம்.