மூன்று முழுக்கில் மாறும் எண்

பாபநாசத்துப் படித்துறைக்கு மனிதர்கள் தங்கள் பாவத்தைக் கழுவ வந்த காலம் ஒன்று இருந்தது. இந்த ஆனி மாதம் தொடங்கி, அவர்கள் தங்கள் கைப்பேசியின் பாவத்தைக் கழுவ வந்தார்கள்.

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி என்று எல்லா ஊர்ப் பேருந்துகளும் ஒரு பக்கம் சாய்ந்தபடியே விக்கிரமசிங்கபுரத்தைக் கடந்து சென்றன. தன் கணினிச் சேவைக் கடையின் வாசலில் நின்று செல்லக்கிளி அவற்றை எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை. ஒரு வாரமாகக் கடைக்குள் ஒருவரும் நுழையவில்லை.

பயணிகளின் கையில் தேங்காய் இருந்ததோ இல்லையோ, மஞ்சள் பை இருந்தது. பைக்குள் வீட்டு இணையப் பெட்டி இருந்தது. அந்தப் பெட்டிகளைப் படித்துறையில் வரிசையாக வைத்தார்கள். அவை இரண்டு கொம்புகளையும் உயர்த்தி, தீர்த்தம் தெளித்ததும் தலையாட்டக் காத்திருக்கும் கிடாக்களைப்போல நின்றன.

இத்தனைக்கும் மூலகாரணம் ஐ.பி. சித்தர் இசக்கிராஜா சுவாமிகள். சென்ற ஆண்டு வரை அவர் திருநெல்வேலி சந்திப்பில் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தார். ஞானம் யாருக்கு எங்கே வாய்க்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

அவருடைய உபதேசம் எளிமையானது. இணையத்துக்குள் நுழையும் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு, அதற்கு ஐ.பி. முகவரி என்று பெயர். இதுவரை சொன்னது உண்மை. பொய்யில் தேர்ந்தவன் முதல் வாக்கியத்தை எப்போதும் உண்மையாகவே சொல்வான். முகவரி என்றால் வீடு. வீடு என்றால் வாஸ்து. வாஸ்து என்றால் தோஷம். தோஷம் என்றால் பரிகாரம். பரிகாரம் என்றால் தட்சணைத் தட்டு. முகவரியிலிருந்து தட்டுக்குப் போய்ச்சேர அவருக்கு ஐந்தே படிகள் தேவைப்பட்டன.

அவர் முதன்முதலில் விக்கிரமசிங்கபுரத்தில் கால் வைத்த இடம், செல்லக்கிளியின் கடையை ஒட்டியிருந்த தானியக் கடை. அதன் உரிமையாளர் அம்பலவாணன் அண்ணாச்சி. இரண்டு கடைகளும் இருக்கும் கட்டடமும் அவருடையதே.

"அண்ணாச்சி, உங்க ஐ.பி. யார் பேர்ல இருக்குன்னு தெரியுமா?" என்று சித்தர் கேட்டார்.

அண்ணாச்சிக்கு வியர்த்துவிட்டது. கடைத்தெருவில் ஐ.பி. என்றால், வாங்கிய கடனைக் கட்ட வழியில்லாதவன் நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு.

"என்ன பேச்சு வே பேசுதீரு! நாப்பது வருசமா யாவாரம் பண்ணுதேன். ஒருத்தனுக்கும் நான் ஐ.பி. கொடுத்ததில்ல!"

"அந்த ஐ.பி. இல்ல அண்ணாச்சி. இது அதைவிட மோசம்."

அதைவிட மோசமான ஒன்று உலகத்தில் உண்டு என்பதை அண்ணாச்சி அன்றுதான் அறிந்தார். சித்தர் அவருடைய கைப்பேசியை வாங்கி, ஓர் எண் எவருக்குச் சொந்தம் என்று காட்டும் பக்கத்தைத் திறந்தார். எல்லாம் ஆங்கிலம். சொந்தக்காரர் என்ற இடத்தில் மும்பையிலுள்ள ஏதோ ஒரு நிறுவனத்தின் நீண்ட பெயர் இருந்தது.

"பாத்தீரா? நீரு குடியிருக்க நம்பரு உம்ம பேர்ல இல்ல. இன்னும் கீழ பாரும். இங்கிலீசு தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

இருந்தார். பயறு வாங்க வந்திருந்த பாக்கியசீலன், பாளையங்கோட்டையில் முப்பது ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சித்தரின் விரல் நின்ற இடத்தில் இருந்த சொல்லைப் படித்தார்.

"அப்யூஸ்."

"அப்படின்னா தமிழ்ல என்ன சார்?"

"ஏச்சு. வசவு. கெட்ட வார்த்தையில ஏசுதது."

கடையே அதிர்ந்தது. சித்தர் கண்களை மூடிக்கொண்டார். "நான் சொல்லல. படிச்ச மனுசன் சொல்லுதாரு. உங்க நம்பர்ல எவனோ ஏச்சு வச்சிருக்கான்."

பரிகாரமும் தயாராக இருந்தது. கைப்பேசியில் விமானப் படம் போட்ட பொத்தானை அழுத்தி, அதை மௌன விரதத்தில் வைக்க வேண்டும். சித்தர் மந்திரம் ஓத, உடையவர் தாமிரபரணியில் மூன்று முழுக்குப் போட வேண்டும். வீட்டுப் பெட்டியானால் கழற்றி எடுத்து வந்து தீர்த்தம் தெளித்துக்கொள்ள வேண்டும். பிறகு மௌனம் கலைத்துப் பார்த்தால், பழைய எண் போய்ப் புது எண் வந்திருக்கும். உண்மையாகவே வந்திருந்தது! இனி எவர் மறுத்துப் பேச முடியும்? ஆனால் புது எண்ணுக்கு யார் சொந்தக்காரர் என்று மட்டும் சித்தர் பார்ப்பதில்லை. கழுவிய பாத்திரத்தை முகர்ந்து பார்ப்பது பாவமாம்.

மதம் இதற்குத் தடையாக இல்லை. "நாங்க வேதக்காரங்க, இதையெல்லாம் நம்புததில்ல" என்றார் கிறித்தவரான பாக்கியசீலன். "ஆனா நம்பரு என்ன, வேதம் கேட்டுட்டா வருது?" என்று சொல்லிவிட்டு அவரும் முழுகினார். கைப்பேசி பழுது பார்க்கும் மீரா முகைதீன் ஒருவர்தான் முழுகவில்லை. முழுகும் அவசரத்தில் பலர் கைப்பேசியை ஆற்றில் நழுவவிட்டதால் அவருக்கு நேரமில்லை. "சாமி வந்ததிலருந்து எனக்குத்தாம்ல பரக்கத்து, கல்லா நெறையுது" என்று மனம் நிறைந்து சொன்னார்.

செல்லக்கிளி செய்த குற்றம் ஒன்றுதான். கடைக்கு வந்தவர்களிடம், "எதுக்கு ஆறு வரைக்கும் அலையுதீங்க? வீட்டுல பெட்டியை அணைச்சுப் போட்டாலே நம்பர் மாறுமே" என்று சொல்லிவிட்டாள்.

சொன்ன சொல் படித்துறைக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாளே சித்தர் ஞானதிருஷ்டியில் ஒன்றைக் கண்டார். வட்டாரத்தின் ஏச்சு முழுவதும் ஒரே கடையின் பெட்டியிலிருந்து கிளம்புகிறது. அந்தக் கடை செல்லக்கிளியின் கடை. அந்தப் பெட்டிக்குப் பரிகாரமே கிடையாது. கடையை மூடுவதுதான் வழி.

அண்ணாச்சி கெட்டவர் அல்லர். பயந்தவர். பயந்தவர்கள் செய்யும் கெடுதலைக் கெட்டவர்கள்கூடச் செய்வதில்லை.

"ஏட்டி, நீ நல்ல பிள்ளைதான். ஆனா ஒரே சுவரு பாரு. உன் பெட்டியில இருக்கது என் அரிசியில ஏறிட்டா நான் என்ன செய்ய? வெள்ளிக்கிழமை ஆத்துக்குப் போறேன். வந்ததும் சாவியை வாங்கிக்கிடுதேன்."

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் மூடி, மலையிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் இறங்கியபோது தானும் இறங்கியவள் செல்லக்கிளி. இறங்கியவர்களுக்கெல்லாம் முகவரி மாற்ற விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்துத்தான் இந்தக் கடையை நிலைநிறுத்தினாள். இதுவும் போனால் இறங்குவதற்கு இன்னொரு மலை இல்லை.

அவள் அழவில்லை, யோசித்தாள். அரசுச் சேவைத் தளத்துக்குள் காலையில் நுழையும்போது, 'நீங்கள் கடைசியாக வந்த எண்' என்று ஒரு வரி தெரியும். மின்தடை வந்த மறுநாளெல்லாம் அந்த எண் வேறாக இருந்திருக்கிறது. மின்தடையின்போது யாரும் எந்த மந்திரமும் ஓதவில்லை.

இந்த இடத்தில் ஒரு காகத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பஞ்சாலை ஒன்றின் வாசலில் நின்ற வேப்பமரத்தில் அது வாழ்ந்தது. காலையில் ஆலைச் சங்கு ஊதும். அதே நேரத்தில் காகமும் கரையும். உடனே ஆயிரம் சைக்கிள்கள் ஆலைக்கு விரையும். "என் குரலுக்கு இருக்கும் மதிப்பைப் பார்த்தீர்களா?" என்றது காகம். மற்றப் பறவைகள் நம்பின. குஞ்சுகளுக்கு வைத்திருந்த இரையைக் கொண்டுவந்து காணிக்கை செலுத்தின. ஒரு சிட்டுக்குருவி மட்டும் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தது. அன்று சங்கு ஊதவில்லை. "எங்கே, இப்போது கொஞ்சம் கரையுங்கள்" என்றது குருவி. தொண்டை கட்டியிருப்பதாகச் சொல்லிக் காகம் பறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை செல்லக்கிளியும் படித்துறைக்குப் போனாள். கூட்டம் அவளைக் கண்டதும் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மரியாதையால் அல்ல, தொற்றிவிடுமோ என்ற அச்சத்தால்.

"சாமி, நான் கடையை மூடிடுதேன்" என்றாள். சித்தரின் முகம் மலர்ந்தது. "ஆனா அதுக்கு முன்னால ஒரு சந்தேகம். நம்பரை மாத்துதது முழுக்கா, மந்திரமா, இல்ல அந்த விமானப் பொத்தானா?"

"எல்லாம் சேந்துதான்."

"பிரிச்சுப் பாத்துருவோமா? அண்ணாச்சி முழுகட்டும், நீங்க மந்திரம் ஓதுங்க. பொத்தானை மட்டும் தொட வேண்டாம். பாக்கியசீலன் சார் பொத்தானை மட்டும் அழுத்தட்டும். முழுக்கும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம்."

"தெய்வத்தைச் சோதிக்கப்பிடாது!" என்று சித்தர் சீறினார்.

"தெய்வத்தையா சோதிக்கா? நம்பரைத்தானல சோதிக்கா" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வேடிக்கை என்றால் நம் மக்கள் பக்தியைக்கூடச் சற்று ஒத்திவைப்பார்கள்.

இரண்டு எண்களையும் எல்லாரும் பார்க்க ஓர் அட்டையில் எழுதினார்கள். அண்ணாச்சி கைப்பேசியை மீரா முகைதீனிடம் கொடுத்துவிட்டு, "பைய எறக்குங்கல, வழுக்குது" என்றபடி ஆற்றில் இறங்கி மூன்று முறை முழுகினார். சித்தர் வேறு வழியின்றி மந்திரம் ஓதினார். பாக்கியசீலன் மேற்படியில் உலர்ந்த வேட்டியோடு அமர்ந்து பொத்தானை அழுத்தினார். ஒரு முறுக்கைத் தின்று முடித்து மீண்டும் அழுத்தினார்.

அண்ணாச்சியின் எண்ணை முதலில் பார்த்தார்கள். ஓர் இலக்கம்கூட மாறவில்லை. மனிதர்தான் நடுங்கிக்கொண்டிருந்தார்.

பாக்கியசீலனின் கைப்பேசியில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் சின்ன வட்டத்துக்குள் செல்லக்கிளியின் கடை சுற்றிக்கொண்டிருந்தது. வட்டம் நின்றது.

"மாறிட்டு!" என்று பாக்கியசீலன் கத்தினார். "முறுக்குக்கே மாறிட்டுவே!"

கூட்டம் சிரிக்கத் தொடங்கியது. சித்தர் கையை உயர்த்தினார். "நம்பர் மாறும்! யாரு இல்லைன்னா? ஆனா மந்திரம் இல்லாம உள்ள இருக்க ஏச்சு போவாது!"

"அப்ப மந்திரத்துல மாத்துன நம்பர்ல ஏச்சு இருக்காதுல்லா?" என்றாள் செல்லக்கிளி. அன்று காலையில் பரிகாரம் முடித்தவர்கள் நால்வரின் எண்களை, சொந்தக்காரரைக் காட்டும் அந்தப் பக்கத்தில் தட்டச்செய்தாள். நான்கிலும் அதே 'அப்யூஸ்' இருந்தது. "இனி சாமி நம்பர்."

சித்தர் கைப்பேசியை மடியில் செருகப் பார்த்தார். மீரா முகைதீனின் கை முந்திக்கொண்டது. சுவாமிகளின் சொந்த எண்ணுக்கு நேரே மும்பை நிறுவனம். அதன் கீழே, துளியும் கூச்சமின்றி, அப்யூஸ்.

"சார், இந்தத் தடவை வரி முழுசையும் படிங்க" என்றாள் செல்லக்கிளி.

பாக்கியசீலன் படித்தார். இன்னொரு முறை படித்தார். அவர் முகம் தொங்கிவிட்டது. "இது ஏச்சு இல்ல. இந்த நம்பர்லருந்து எவனாச்சும் தொந்தரவு கொடுத்தா, இங்கன புகார் எழுதுங்கன்னு ஈமெயில் போட்டிருக்கான். முப்பது வருசம் பைல் பாத்தவன், விரலு நின்ன இடத்துல நானும் நின்னுட்டேனே!"

"அப்ப மும்பைக்காரன்?" என்று பல் தந்தியடிக்க அண்ணாச்சி கேட்டார்.

"கட்டடம் உங்க பேர்ல இருக்கு, கடையில நான் இருக்கேன். அதே மாதிரிதான் அண்ணாச்சி. நம்பரெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். நாம உள்ள போவும்போது காலியா இருக்கதை எடுத்துத் தருவான். வெளிய வந்தா வாங்கி வேற ஒருத்தருக்குக் கொடுப்பான். திரும்பப் போனா நமக்கு வேற ஒண்ணு. அவ்வளவுதான்."

அண்ணாச்சி ஈர வேட்டியைப் பிழிந்தார். வெகுநேரம் பிழிந்தார். "சாவி உங்கிட்டயே இருக்கட்டும் தாயி" என்றார். பிறகு சித்தரை நோக்கித் திரும்பினார். "ஏலே! ஆனி மாசக் காத்துல என்னைய மூணு தடவை முழுக வச்சிட்டியேல!"

சித்தர் தட்சணைத் தட்டை அங்கேயே போட்டுவிட்டுப் படியேறப் பார்த்தார். மேற்படியில் பாக்கியசீலன் காகிதத்தை விரித்து எழுதத் தொடங்கியிருந்தார். புகார் எழுத மும்பைவரை போக வேண்டியதில்லை; காவல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் கையெழுத்தை அண்ணாச்சி போட்டார்; அடுத்தது எனக்கு, எனக்கு என்று படித்துறை முழுவதும் வரிசையில் நின்றது.

செல்லக்கிளி கடை திறக்கக் கிளம்பினாள். ஈரக் கூந்தலும் கையில் பெட்டியுமாக ஓர் அம்மாள் அவள் பின்னாலேயே ஓடிவந்து கவலையோடு கேட்டாள்: "எல்லாஞ் சரி தாயி. இப்ப என் நம்பரு நல்ல நம்பரா, கெட்ட நம்பரா? அதை மட்டும் சொல்லிட்டுப் போ."

இசக்கிராஜாக்கள் பிழைப்பது கைப்பேசியால் அன்று, இந்தக் கேள்வியால். அம்மா, எண்ணைப் பார்த்தது போதும். இனியாவது எண்ணிப் பாருங்கள்.