மார்க் டாக்டரும் எரிகிற வயிறும்

துக்கத்துக்கும் கோபத்துக்கும் மார்க் போட்டு, தருமபுரி ஜில்லாவில் பாதிப் பேரை ஃபெயிலாக்கிய ஒரே மனிதர் எங்கள் மார்க் டாக்டர்தான். எண்பதுகளில் நான் நர்சாக இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்கு மனநல மருத்துவராக வந்தார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி விசாரித்தால் எங்கள் வாட்ச்மேனுக்கே தெரியாது.

டெல்லியில் வளர்ந்த தமிழர். பேசுவதெல்லாம் பாடப்புத்தகத் தமிழ். நோயாளியைப் பேச வைத்தே குணப்படுத்துவேன் என்பார். அதற்கு முன்னால், தன் மனசில் என்ன நடக்கிறதென்று அந்த ஆளுக்கே தெரிகிறதா என்று அளந்தாக வேண்டும். உடம்பைப் பற்றி மட்டும் சொன்னால் ஒரு மார்க். எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கிறது என்றால் இரண்டு. கோபம், பயம் என்று பெயர் சொன்னால் மூன்று. இரண்டு உணர்ச்சி கலந்து வந்தால் நான்கு. தன் மனசோடு எதிராளி மனசையும் சேர்த்துச் சொன்னால் ஐந்து.

மார்க்கை விரலால் காட்டுவார். அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது. பொம்மிடியிலிருந்து வந்த பாத்திரக்கடை பாய் ஒருவர் மூன்று விரலைப் பார்த்துவிட்டு, நமக்கு இன்னும் மூன்று மாசம்தான் என்று முடிவு கட்டி, வராந்தாவில் உட்கார்ந்து சம்சாரத்திடம் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்துவிட்டார். அது நல்ல மார்க் என்று புரியவைப்பதற்குள் என் ட்யூட்டியே முடிந்துபோனது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இண்டூர் ஆரோக்கியம்மா விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. மகன் அப்பனோடு சண்டை போட்டுக்கொண்டு எங்கோ போய்விட்டான். அன்றிலிருந்து அந்தம்மாவுக்குச் சோறும் இறங்கவில்லை, தூக்கமும் இல்லை. டாக்டர் எப்படிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: "வயிறு எரியுதுங்க." அவர் ஒரு விரலைக் காட்டிவிட்டு, காரத்தைக் குறைத்து மோர் குடிக்கச் சொன்னார்.

"சார், பெத்தவ வயிறு எரியுதுன்னா அது வயித்துக் கோளாறு இல்ல சார்" என்றேன்.

"வயிறு உடம்பின் ஓர் உறுப்பு, சிஸ்டர். ஒரு மார்க்தான்."

வாரா வாரம் மோர் கூடியதே தவிர மார்க் கூடவில்லை. கடைசியில், மெட்ராஸ் மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடலாம் என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான், பைத்தியம். அந்த வீட்டில் கட்டிக்கொடுக்க ஒரு பெண் வேறு இருந்தாள். இப்படி ஒரு பேர் விழுந்துவிட்டால் எவன் பெண் கேட்டு வருவான்? அந்தம்மாவின் புருஷன் என் காலில் விழாத குறை. நான் டாக்டரோடு மல்லுக்கட்டி, இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்க்கச் சம்மதிக்க வைத்தேன்.

அன்றைக்கு அவர் நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை. "அம்மா, தாங்கள் இப்போது எவ்வாறு உணர்கிறீர்கள்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஊசியை எடுத்து அவருக்கே போட்டிருப்பேன். ஆரோக்கியம்மா அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பாவங்க சிஸ்டரு இவுரு. எம் வாயில இருந்து என்னமோ வரணும்னு கெடந்து தவிக்கிறாரு. பாத்தா பாவமாவும் இருக்குது, சிரிப்பாவும் வருது. இவுரு ஆத்தா எந்த ஊர்ல ஒக்காந்து, புள்ள சாப்புட்டானோ இல்லியோன்னு நெனச்சிக்கிட்டு இருக்குதோ. எம் மவனும் இப்பிடித்தானுங்க, எங்கியோ..."

அதற்கு மேல் பேச முடியாமல் அழுதார். அங்கே வந்ததிலிருந்து அவர் அழுதது அன்றைக்குத்தான்.

டாக்டர் மெதுவாக ஐந்து விரலையும் விரித்தார். அந்த ஆஸ்பத்திரியில் யாரும் வாங்காத மார்க். வாசலில் நின்ற புருஷன் அதைப் பார்த்து வெலவெலத்துப்போய், "அஞ்சு மாசங்களா சிஸ்டரு?" என்றார்.

மெட்ராஸ் வேண்டாம், இங்கேயே பேசிச் சரிபண்ணலாம் என்று டாக்டர் சொன்னார். அவர்கள் போனபிறகும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. என்ன சார் ஆச்சு என்று கேட்டேன்.

"தண்ணீர் கொடுங்கள், சிஸ்டர். தொண்டையில் ஏதோ அடைக்கிறது" என்றார். வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை அந்த மனுஷனுக்கு.

இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது. எதிரே வந்து நின்றால் வாய் வலிக்கத் திட்டுவேன். திட்டிவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் வயிறாரச் சோறு போடுவேன்.