மாப்பிள்ளை கார் பேட்டரிக்குத் தீர்த்தம் விட்ட விவரம்

திருவள்ளூர்,
மார்கழி, 1967

சிரஞ்சீவி மாப்பிள்ளை பராசரனுக்கு, மாமனார் ராமபத்ரன் அநேக ஆசீர்வாதம். பெருமாள் கிருபையால் இங்கே எல்லோரும் சௌக்கியம், உங்கள் பேட்டரி ஒன்றைத் தவிர.

நீங்கள் இங்கிலாந்தில் பயிற்சி முடித்துத் திரும்பும்வரை உங்கள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் மாட்டுக்கொட்டகையில் பத்திரமாக வைப்பதாக வாக்குக் கொடுத்தேன். "குளிர்காலத்தில் ஓட்டாமல் நிறுத்தினால் பேட்டரி செத்துவிடும். கழற்றிக் கதகதப்பான இடத்தில் வையுங்கள், சுத்த ஜலம் குறையாமல் பாருங்கள்" என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் பெண் கோதை கழற்றிக் கொடுத்த பேட்டரியைப் பச்சைக் குழந்தை மாதிரி ஏந்தி வந்து, கூடத்தில் பலகைமேல் வைத்து, பனி தாக்காமலிருக்க என் காஷ்மீர் சால்வையையே போர்த்தினேன். விடிகாலையில் அதே சால்வையோடு திருப்பாவை கோஷ்டியில் போய் நின்றால் பின்னால் ஒரே சிரிப்பு. "ஸ்வாமி, சால்வையில ஜன்னல் வச்சுண்டிருக்கேளே, காத்து நன்னா வரதா?" என்கிறார் ரங்கா அய்யங்கார். ஆசிட் அரித்துச் சல்லடையாகிவிட்டது.

போகட்டும் என்று வீட்டுக்கு வந்தால், உங்கள் மாமியார் பங்கஜவல்லி பேட்டரியின் மூடிகளைத் திறந்து வெள்ளி வட்டிலிலிருந்து எதையோ விட்டுக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி இது?"

"சுத்த ஜலம்னுதானே மாப்பிள்ளை எழுதியிருக்கார்? பெருமாள் தீர்த்தத்தைவிடச் சுத்தமா லோகத்துல எது இருக்கு?"

பச்சைக் கற்பூரம், ஏலக்காய், துளசி எல்லாம் உள்ளே போயாகிவிட்டது! ஜட்கா வைத்துக்கொண்டு மணவாள நகர் பேட்டரிக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் பூவராகவன் குனிந்து மோந்து பார்த்தார்.

"இன்னா சாமி, கோயில் வாசனை வருது? உள்ள துளசி மெதந்துகினு கீது!"

"எப்படியாவது பிழைக்க வையப்பா."

"இது பெருமாளாண்ட போய்ச் சேந்துடுச்சி சாமி. பேஜாரு பண்ணாம தூக்கிக்கினு போ."

வியாதி தீர எல்லோரும் வேண்டிக்கொள்வதுபோல் அமாவாசையன்று கோயில் குளத்தில் வெல்லம்கூடக் கரைத்துப் பார்த்தேன். மனுஷ வியாதிக்குத்தான் பலிக்கும் போலிருக்கிறது. ஒரு பேட்டரியைக் காப்பாற்றத் துப்பில்லாதவன் என்ற பெயரோடு உங்கள் தகப்பனார் முகத்தில் எப்படி விழிப்பேன்? சாதம் இறங்கவில்லை, தூக்கம் இல்லை. உங்கள் அகமுடையாளோ ஒன்றுமே நடக்காத மாதிரி தலையில் பூ வைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கல்நெஞ்சு.

காதை மூடிக்கொண்டு, குளிர் படாமல், தீர்க்காயுசாக இருங்கள். இந்தப் பாவியையும் மன்னித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ராமபத்ரன்

பின்குறிப்பு: தபாலில் சேர்க்கக் கிளம்பினேன், கொட்டகையில் ஒரே உறுமல். கோதை உங்கள் காரை ஓட்டிக்கொண்டு வெளியே வருகிறாள்! "நிஜ பேட்டரியை உங்ககிட்டக் கொடுப்பேனாப்பா? அது லாரி ஷெட்டுல தூக்கிப் போட்டது. நீங்க சும்மா இருக்க மாட்டேளேன்னு உங்க மாப்பிள்ளைதான் எனக்கு லெட்டர்ல யோசனை சொன்னார். நீங்க கோயிலுக்குப் போனதும் தினம் நான் ஓட்டிண்டு வரேன்" என்றாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படிக்க வேண்டாம். அம்மாவும் பெண்ணுமாகத் திருப்பாச்சூர் வரை போயிருக்கிறார்கள். நானும் ஏறப் போனேன். இரண்டு ஸீட்டு வண்டியாம்.