பெட்டியாருக்குப் பணி நிரந்தரம்

மைசூரு அக்ரஹாரத்தில் பூக்கடைகளைத் தாண்டிப் போனால் மனுப் பதிவு உதவி அலுவலகம் என்று ஒன்று வரும். மக்கள் எழுதிக் கொடுக்கும் மனுவை இன்னொரு தாளில் திரும்ப எழுதி, எண் போட்டு, வேறொரு அலுவலகத்துக்கு அனுப்பிவைப்பது அதன் தலையாய கடமை. அந்தக் கடமை இம்மியும் வழுவாமல் நடந்துவந்த காலத்தில்தான் உமாதேவி அங்கே தற்காலிக எழுத்தராக வந்து சேர்ந்தாள்.

உமாதேவிக்குச் சொந்த ஊர் ஹனூர். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் இரண்டு கண்ணும் போய்விட்டது. மற்றதையெல்லாம் தெய்வம் குறைவில்லாமல்தான் கொடுத்திருந்தது, வாய் உள்பட. ஊரில் அண்ணன் வீட்டில் அவளை அடுப்புப் பக்கமே விடமாட்டார்கள். "நீ உக்காரு கண்ணு, நாங்க பாத்துக்கறோம்" என்று அன்பாகச் சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷம் உட்காரவைத்துவிட்டார்கள். இப்போது அக்ரஹாரத்தில் ஒரு சின்ன அறை. தன் சாவியால் தானே கதவைத் திறந்து, தன் காப்பியைத் தானே போட்டுக் குடித்தாள். தசராவுக்குள் தட்டச்சுத் தேர்வில் தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் சாவியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஹனூர் பஸ் ஏறவேண்டியதுதான்.

அவளுக்கென்று மேலிடத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. சோப்பு டப்பா அளவுதான். மேலே ஒரே ஒரு பொத்தான். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகும். நமக்கு வேண்டிய எழுத்து வந்ததும் அமுக்கினால் 'டிங்' என்று பதிந்துவிடும். தப்பாகிவிட்டால் அழுத்திப் பிடிக்க வேண்டும். 'டொப்' என்று அழிந்துவிடும். காது இருந்தால் போதும், கண்ணுக்கு அங்கே வேலையில்லை.

அதிகாரி சந்தோஷ்குமாருக்குப் புதிதாக எது வந்தாலும் அதற்கு ரிப்பன் கட்டி வெட்டாவிட்டால் சோறு இறங்காது. பெட்டிக்கும் ரிப்பன் வெட்டினார். உமாதேவி காலையில் சாமி விளக்கேற்றிவிட்டு, "மாதேஸ்வரா, விரலைப் பாத்துக்கோ" என்று வேண்டிக்கொண்டு நாள் தவறாமல் பழகினாள்.

தேர்வு நாள் வந்தது. மேற்பார்வைக்கு சந்தோஷ்குமாரே உட்கார்ந்தார். பெட்டி 'க... க்ஹ... க...' என்று ஆரம்பித்ததும் துள்ளி எழுந்தார். அவர் பேசியது கன்னடம். நம் சௌகரியத்துக்குத் தமிழில் சொல்கிறேன்.

"யாரது சொல்லிக் கொடுக்கிறது?"

"பெட்டிங்க சார்."

"பெட்டியா இருந்தா என்ன, பெரியம்மாவா இருந்தா என்ன? தேர்வர் எந்தக் குரலையும் கேட்டு எழுதக் கூடாதுன்னு ரூல்ஸ் இருக்கு. சத்தத்தை அணைச்சுட்டு எழுதுங்க."

"அணைச்சுட்டா எந்த எழுத்து ஓடுதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தானே தேர்வு?"

அணைத்தாள். குத்துமதிப்பாக அமுக்கினாள். அச்சில் வந்த தாளைத் தலைமை எழுத்தர் ஜோதிமணி வாங்கிப் பார்த்தாள். கொள்ளேகாலத்துக்காரி, பேச்சுக்கு அஞ்சாதவள். "தலையும் புரியலீங்க, வாலும் புரியலீங்க சார். நம்ம ஆபீஸ் சுற்றறிக்கையாட்டவே இருக்குது" என்றாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. தேர்வறையில் முறைகேடு நடந்திருக்கிறது, நடவடிக்கை வேண்டும். குரல் கொடுத்தது பெட்டி. எனவே பெட்டியிடம் விளக்கம் கேட்பதே நீதி என்று முடிவு செய்தார்.

"பெட்டி எப்படிங்க சார் விளக்கம் எழுதும்?" என்றாள் ஜோதிமணி.

"எழுதுற பெட்டிதானே அது?"

மறுக்க இடமில்லாத வாதம். குறிப்பாணை தயாரானது. பியூன் அதைப் பெட்டியின் முன்னால் உரக்க வாசித்தான். பெற்றுக்கொண்டதற்கு அடையாளமாகப் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். 'டிங்.' ஒப்புதல் பெறப்பட்டதென்று கோப்பில் ஏறியது.

அன்றைக்கு உமாதேவிக்குக் காப்பிகூட இறங்கவில்லை. "நான் மூட்டையக் கட்டறேங்க்கா" என்றாள்.

ஜோதிமணி விடவில்லை. "மூட்டைய அப்பறம் கட்டிக்கலாம். பெட்டிகிட்ட விளக்கம் கேட்டிருக்காங்கல்ல? பெட்டி எழுதட்டும். அமுக்கறதுக்கு ஒரு விரல் வேணுமில்ல கண்ணு?"

உமாதேவி பெட்டியின் சத்தத்தை நன்றாகக் கூட்டிவைத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாக, டிங் டிங்கென்று, பெட்டியின் விளக்கம் பிறந்தது:

'உயர்திரு அதிகாரி அவர்களுக்குப் பணிவான வணக்கம். நான் யாருக்கும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லா எழுத்தையும் சொன்னேன். எது சரி என்று மட்டும் ஒருபோதும் சொன்னதில்லை. எல்லாவற்றையும் சொல்லி ஒன்றையும் சொல்லாமலிருக்கும் வழக்கத்தை இந்த அலுவலகத்தில்தான் கற்றுக்கொண்டேன். கருணை கூர்ந்து மன்னிக்க வேண்டும்.'

சந்தோஷ்குமார் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"ஒரு பிழை இல்லை. என்ன பணிவு, என்ன நடை! இந்த ஆபீசில் இப்படித் தட்டச்சு செய்ய யாருக்கு வருது? மன்னிப்பு வழங்கப்படுகிறது. பெட்டி தேர்வில் தேறியதாகக் கருதப்பட்டு, பணி நிரந்தரம் செய்யப்படுகிறது."

"சார், அமுக்கினது நானுங்க" என்றாள் உமாதேவி.

"அமுக்கினது நீங்க, எழுதினது அது. எழுதியவர் தேறியவர் ஆவார்னுதான் ரூல்ஸ்ல இருக்கு. அமுக்கியவர்னு இல்லையே அம்மா."

உமாதேவியின் கை இடுப்பில் செருகியிருந்த சாவியைத் தேடியது. ஜோதிமணி தொண்டையைக் கனைத்தாள்.

"எல்லாஞ் செரிங்க சார். ஆனா பெட்டியாருக்குக் கையில்லீங்களே. நிரந்தர ஊழியருக்கு ஒரு நிரந்தர உதவியாளர் போட்டாகோணுமில்லீங்களா?"

"நியாயம்" என்றார் அதிகாரி.

இப்படியாக உமாதேவியின் வேலை நிரந்தரமானது. பெட்டியாருக்கு ஒரு படி கீழே.

அதன்பிறகு அலுவலகத்தில் கண் தேவையில்லாத நிர்வாகமே நாகரிகமாகிவிட்டது. சந்தோஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டே கோப்புகளில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். மற்றவர்களும் பழகினார்கள். மனு கொடுக்க வந்தவர்கள் யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. ஆயுத பூஜையன்று பெட்டியாருக்குச் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம் சாத்தினார்கள். சனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, மனுவைப் பெட்டியின்மேல் வைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். ஹனூரிலிருந்து அண்ணன் போனில், "உங்க சாரு நல்ல மாதிரியா கண்ணு?" என்று விசாரித்தார். "சத்தம்தான் போடுவாரு. மத்தபடி தங்கமான மனுசனுங்கண்ணா" என்றாள் உமாதேவி.

தசரா முடிந்து ஒருநாள், படியில் தடி தட்டும் சத்தம் கேட்டது. கண் தெரியாதவர் தட்டும் தட்டல் அது என்று உமாதேவிக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. தட்டித் தடவி உள்ளே வந்தவர் மனு கொடுக்க வந்த கெம்பையன், சாமராஜநகர்க்காரர்.

"தாயி, எனக்கும் கண்ணு தெரியாது. பார்க்காமலே எழுதுற பெட்டி ஒண்ணு இங்க இருக்குன்னாங்க. இத்தனை நாளும் என் மனுவை ஊரார்தான் எழுதினாங்க. ஒரேயொரு தடவை நானே எழுதிப் பார்க்கணும்."

உமாதேவியின் விரல் பொத்தானின்மேல்தான் இருந்தது. பெட்டியை அவர் பக்கம் ஒரு சாண் நகர்த்தினால் போதும். இடுப்பில் சாவி கனத்தது. அடுத்த அறையில் அதிகாரி கண்ணை மூடிக் கையெழுத்துப் போடும் பேனாச் சத்தம் கேட்டது.

"பெட்டியார் நிரந்தர ஊழியருங்க. வெளியாள் தொடக் கூடாது" என்றாள். பிறகு, அவளுக்கே தெரியாமல் குரலில் அன்பு வந்து சேர்ந்துகொண்டது.

"நீங்க உக்காருங்கண்ணா. நாங்க பாத்துக்கறோம்."

டிங்.