காதுக்கு எட்டிய அறிக்கை

"படம். படம். படம். படம்" என்றது கம்ப்யூட்டர்.

ஜெகதீசன் மறுபடி பொத்தானை அழுத்தினார். உள்ளே இருந்த பெண் குரல் கொஞ்சமும் அலுத்துக்கொள்ளாமல் மறுபடி "படம். படம்" என்றே சொல்லிக்கொண்டு போனது. ஊரக மேம்பாட்டுத் துறையின் ஆண்டறிக்கை முழுவதிலும் அந்தப் பெண்ணுக்கு ஓர் எழுத்துகூட அகப்படவில்லை.

பல்கலைக்கழகத்தின் திண்டிவனம் கிளையில், பழைய உரக் கிடங்கின் மாடியில் இருந்தது அந்தத் துறை. மழைக்காலம் வந்தால் கீழேயிருந்து யூரியா வாடை படியேறி வந்துவிடும். மாணவர்கள் மூன்று பேர். அதிலும் ஒருவன் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கும் நாட்களில் வீட்டு நிலத்தோடு போய்விடுவான். நிரந்தர வேலையில் இருந்தவர் துறைத்தலைவர் அனந்தவல்லி மட்டும். துறை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவருக்குச் சம்பளம் வந்துவிடும். ஜெகதீசன் கௌரவ விரிவுரையாளர். வருஷா வருஷம் ஒப்பந்தம் நீண்டால்தான் அவர் வீட்டில் அடுப்பு எரியும்.

இந்த வருஷம் விழுப்புரம் தலைமை அலுவலகம் கறாராகச் சொல்லிவிட்டது. எல்லா ஆவணமும் ஒரே சின்னம், ஒரே நிறம், ஒரே எழுத்து. அதோடு, பார்வையில்லாதவர்களும் கம்ப்யூட்டரை வாசிக்கச் சொல்லிக் கேட்கும்படி இருக்க வேண்டும். அப்படி இல்லாத அறிக்கை ஏற்கப்படாது.

ஏற்கப்படாது என்ற சொல்லைப் பார்த்ததிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. அறிக்கையை ஏற்காதவர்கள் ஒப்பந்தத்தை மட்டும் எப்படி நீட்டுவார்கள்? வேலை போனால் அவருக்காக ஓர் இடம் காத்திருக்கத்தான் செய்தது. விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் அவர் மச்சினன் செல்வகுமார் ஓட்டல் வைத்திருந்தான். "டாக்டர் பட்டம் வாங்கினவரு கல்லாவுல உக்காந்தா நம்ம கடைக்கு ஒரு கெத்து மாமா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்லுவான். அவன் கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கூப்பிட்டான். அதுதான் ஜெகதீசனுக்கு இன்னும் வலித்தது.

அறிக்கையை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனார்.

"மேடம், ரிப்போர்ட்டு முழுக்க படமா இருக்குதுங்க. கம்ப்யூட்டரால படிக்க முடியல."

"படமா? நான் வச்சதே நாலஞ்சு போட்டோதானே?"

"ப்ரிண்ட் எடுத்து, சீல் குத்தி, கையெழுத்து போட்டு, திரும்ப ஸ்கேன் பண்ணோம் இல்லீங்களா. அதுல எழுத்தெல்லாம் படமாயிடுச்சுங்க."

அனந்தவல்லி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "சீலும் கையெழுத்தும் இல்லாத காகிதத்தை எவன் நம்புவான் ஜெகதீசன்? நான் வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து பக்கத்துக்குப் பக்கம் குத்திக்கினுதான் வர்றேன். ஒருத்தன் ஒரு கேள்வி கேட்டதில்ல."

"இந்த வருஷம் கேக்கறாங்க மேடம்."

"ஏதாவது பண்ணிக்குங்க. எனக்குப் பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போவணும்." அவர் செஞ்சிப் பக்கத்து ஜைனக் குடும்பம். விளக்கு வைத்தபின் சாப்பிட மாட்டார். எந்தப் பிரச்சினை வந்தாலும் வெயில் தாழ்ந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

ஜெகதீசன் மழையில் நனைந்துகொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கத்து டிடிபி கடைக்கு ஓடினார். அறிக்கையை முதலில் டைப் அடித்த சின்னதுரை, கல்யாணப் பத்திரிகை ஒன்றில் மூழ்கியிருந்தான். தேடிப் பிடித்து அசல் கோப்பைத் திறந்தான். கம்ப்யூட்டர் பெண்ணை வாசிக்கச் சொன்னார்கள். இந்தத் தடவை அவள் படம் என்று சொல்லவில்லை. "எம், பி, ஜே, கமா, எல், எல், கே" என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் போய்க்கொண்டே இருந்தாள்.

"இன்னா சார், சாமி வந்தவ மாதிரி பேசுது?" என்றான் சின்னதுரை.

"நீ இன்னா ஃபாண்ட்ல அடிச்ச?"

"பழைய ஃபாண்டு சார். பாக்கத்தான் தமிழு. உள்ள பூரா இங்கிலீஷு எழுத்துதான் கெடக்கும். உங்க மேடம்தான் அந்த எழுத்துதான் லட்சணமா இருக்குதுன்னாங்க."

மாற்றிக்கொடுத்தான். மாற்றும்போது கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக எழுத்துகள் சிதறின. ஜெகதீசன் ஈரச் சட்டையோடு ஸ்டூலில் உட்கார்ந்து, கண் எரிய எரிய ஒவ்வொன்றாகச் சேர்த்துவைத்தார். அந்த நேரத்தில் சின்னதுரை சும்மா இருந்திருக்கலாம். பாவம், உதவி செய்கிறேன் என்று பல்கலைக்கழகச் சின்னத்துக்குத் தங்க பார்டர் போட்டு, அரக்கு நிறம் கொடுத்து, பக்கத்தின் அகலத்துக்கு இழுத்தும் விட்டிருந்தான்.

"டேய், நீல நிறம்னு ரூலு போட்டிருக்கான்டா! சின்னத்தை இழுக்கவே கூடாதாம்!"

"நீலம் துக்கத்துக்கு அடிக்கிற மாதிரி இருக்குது சார். மங்களகரமா இருக்கட்டும்னு பாத்தேன்."

அதையும் சரி செய்தார்கள். மறுநாள் காலையில் கம்ப்யூட்டர் பெண் அழகான தமிழில் அறிக்கையைப் படித்தாள். ஜெகதீசனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தோடு வகுப்புக்குப் போய், வந்திருந்த இரண்டு பேருக்கும் பாடம் நடத்திவிட்டுத் திரும்பினார்.

அனந்தவல்லி முகம் மலர உட்கார்ந்திருந்தார். "உங்களுக்கு வேலை வைக்கல ஜெகதீசன். நானே எல்லாத்தையும் ப்ரிண்ட் எடுத்து, சீல் குத்தி, ஸ்கேன் பண்ணி, விழுப்புரத்துக்கு அனுப்பியாச்சு."

ஜெகதீசன் அப்படியே நாற்காலியில் சரிந்தார். விழுப்புரத்திலிருந்து போன் வர அதிக நேரம் ஆகவில்லை. பேசியது தலைமை அலுவலகத்து உதவியாளர் வெண்ணிலா.

"சார், மறுபடி படமா வந்திருக்குதே."

"அம்மா, அத தூக்கிப் போட்டுடுங்க. நல்லது ஒண்ணு இருக்குது, நானே எடுத்தாந்து தர்றேன்."

"அப்படியே போட்டோவுக்கெல்லாம் விவரம் எழுதிடுங்க சார். பாக்க முடியாதவங்களுக்கு அதுல இன்னா இருக்குதுன்னு தெரியணும். கூட்டியும் எழுதாதீங்க, கொறச்சும் எழுதாதீங்க. இருக்கறத இருக்கறபடி."

ஜெகதீசன் பயந்த மனிதர். பயந்தவன் விதியைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். போட்டோக்களை ஒவ்வொன்றாகத் திறந்து, உற்றுப் பார்த்து எழுத ஆரம்பித்தார்.

கருத்தரங்கப் படத்துக்கு: 'மேடையில் ஐந்து பேர். கீழே நாற்காலிகள் பெரும்பாலும் காலி. முன்வரிசையில் மாணவர்கள் இருவர். ஒருவர் தூங்குகிறார்.'

களப்பயணத்துக்கு: 'மல்லாட்டை வயலில் துறைத்தலைவர் நிற்கிறார். அருகில் ஓர் ஆடு. வேறு யாரும் இல்லை.'

மாணவர் சேர்க்கையைக் காட்டும் வரைபடம் ஒன்றும் இருந்தது. இத்தனை வருஷமும் ஸ்கேன் செய்து செய்து கறுப்பாகிப்போய், அதில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அசல் கோப்பில் பார்த்து அதற்கும் எழுதினார்: 'கோடு இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே வருகிறது. முடிவில் ஏறக்குறைய தரையைத் தொடுகிறது.'

அனந்தவல்லி படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஆட்டை எதுக்கு எழுதுனீங்க?"

"போட்டோவுல நிக்குதுங்களே மேடம்."

"நாற்காலி காலின்னு நாமளே எழுதித் தரணுமா? 'கருத்தரங்கம் சீரும் சிறப்புமாக நடைபெற்றது'ன்னு எழுதுங்க."

அப்படியே மாற்றி எழுதி அனுப்பினார். வெண்ணிலா மறுபடி கூப்பிட்டாள். "சார், இது விவரம் இல்ல, பாராட்டு. இப்படி வந்தா ஏத்துக்க மாட்டாங்க. பேஜாராயிடும்."

ஏற்க மாட்டார்கள்! ஜெகதீசன் உடனே கோப்பைத் திறந்தார். காலி நாற்காலிகளையும், தூங்கினவனையும், ஆட்டையும் இருந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தார். மேடம் கிளம்பும்வரை காத்திருந்து, பென் டிரைவில் ஏற்றி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சீல் இருந்த அலமாரியை ஒரு தரம் பூட்டியும் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவர் கிளம்பும்போது மனைவி அருணா வாசல்வரை வந்தாள். "வருஷா வருஷம் 'மறு உத்தரவு வரும்வரை தொடரலாம்'னு ஒத்த வரியில அனுப்பறாங்க. இந்தத் தடவை ஒரு கெட்டியான ஆர்டரா கேட்டு வாங்கிக்கினு வாங்க. பெரியவ அடுத்த வருஷம் காலேஜுக்குப் போறா. எனக்கு நெஞ்சு பதைக்குது."

"இவ்வளவு பண்ணியிருக்கேன் இல்ல? தருவாங்க" என்றார்.

பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றது. எதிரே செல்வகுமாரின் ஓட்டல். கல்லாவில் அவனே உட்கார்ந்து சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான். ஜெகதீசன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி பஸ் நகரும்வரை தலையைத் தூக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெரியவர், "இன்னா தொலைச்சீங்க?" என்று சேர்ந்து தேட ஆரம்பித்துவிட்டார்.

விழுப்புரம் அலுவலகத்தில் வெண்ணிலா அவரைத் துணைப் பதிவாளர் மாசிலாமணியின் அறைக்கு அழைத்துப் போனாள். பெயரைக் கேட்டிருக்கிறாரே தவிர, ஜெகதீசன் அவரை நேரில் பார்த்ததில்லை. கறுப்புக் கண்ணாடி. காதில் ஒலிப்பான். மேஜையோரம் மடித்துவைத்த வெள்ளைக் கோல். அப்போதுதான் ஜெகதீசனுக்கு விஷயமே புரிந்தது. அறிக்கையை இத்தனை வருஷமும் யார் கேட்கக் காத்திருந்தார் என்பதும் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

"திண்டிவனமா? உக்காருங்க" என்றார் மாசிலாமணி. "எங்கிட்ட இருக்கறதுலயே வம்பான ஃபைலு உங்களுதுதான். வருஷா வருஷம் காதுல மாட்டினா 'படம் படம்'னு உயிர வாங்கும்."

"இந்தத் தடவை சரியா இருக்கும்ங்க ஐயா."

"பாத்துடலாம். யாரோ படிச்சுச் சொல்லி நான் எதுலயும் கையெழுத்து போட்டதில்ல. என் காதால முழுசா கேட்டாத்தான்."

கம்ப்யூட்டர் பெண் படிக்க ஆரம்பித்தாள். மாசிலாமணி பழக்கத்துக்கு அவள் ஓட்டமாக ஓட வேண்டும். ஒலிப்பானை மீறிக் கேட்டதில் எழுதின ஜெகதீசனுக்கே ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவரோ விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே ஒரு தலைப்பு விடாமல் கேட்டுக்கொண்டு போனார். ஓர் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஆட்டை யாரு எழுதுனது?"

"நான்தாங்க ஐயா."

"பிரமாதம். அந்த நாற்காலிங்க இருக்குதே, நானே அந்த ஹால்ல தனியா உக்காந்திருந்த மாதிரி இருந்துச்சு. கோட்டைப் பத்தி எழுதியிருக்கீங்களே, இறங்கிக்கினே வருதுன்னு, அதுவும் நல்லா வெளங்குது. சின்னம், நிறம் எல்லாம் சரியா வெண்ணிலா?"

"எல்லாம் ரூல்படி இருக்குதுங்க சார்."

மாசிலாமணி ஒலிப்பானைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "ரொம்ப நன்றிங்க. உங்கள மாதிரி நேர்மையா எழுதறவங்க கொறைவு. வெளியில உக்காருங்க. கமிட்டிக்காரங்க இன்னிக்கு இங்கதான் இருக்காங்க. ஆர்டரு தர்றேன், கையோட வாங்கிக்கினு போயிடுங்க" என்றார்.

ஆர்டர்! ஜெகதீசன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். எத்தனையோ வருஷத்துப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. மழையில் நனைந்து வந்த காய்ச்சல்கூட இப்போது இதமாகத் தெரிந்தது. போனை எடுத்தார்.

"அருணா! ஆர்டரு தர்றாங்க. அதுவும் இன்னிக்கே, கையிலயே!"

"நெஜமாவா? நிரந்தரமாவா?"

"பெரிய அதிகாரியே நேர்மையான ஆளுன்னு பாராட்டிட்டாரு. கமிட்டி வேற உக்காந்திருக்குது. பின்ன இன்னாவா இருக்கும்?"

மறுமுனையில் அருணா அழுதுவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்: "அப்போ செல்வகுமாருகிட்ட சொல்லிடட்டுமா? உங்களுக்காகத்தான் கல்லாவுக்கு ஆள் போடாம வச்சிருக்கான். கோட்டக்குப்பத்துல இருந்து ஒரு பையன் வந்து கேட்டுக்கினு இருக்கானாம்."

"ஜல்தியா சொல்லு. அந்தப் பையனையே போட்டுக்கச் சொல்லு. பாவம், அவனும் பொழைக்கட்டும்" என்றார் ஜெகதீசன் தாராளமாக.

போனை வைத்து நிமிர்ந்தபோது, அலுவலக உதவியாளர் பச்சைமுத்து டீயும் வடையும் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தார். வடை சூடாக இருந்தது. ஐயா தரச்சொன்னார் என்றார். போகாமல் நின்று, ஜெகதீசனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சட்டென்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்க நல்லா இருக்கணும் சார். ரிப்போர்ட்டைக் காதால கேக்காம ஒரு டிபார்ட்மெண்ட்ட மூடவே மாட்டேன்னு ஐயா வருஷா வருஷம் கமிட்டியத் திருப்பி அனுப்பிக்கினே இருந்தாரு. இன்னிக்கு உங்க புண்ணியத்துல ஒரு வழியா உங்களுத மூடியாச்சு!"