சாயமுக்கி

மனிதர்களில் சாயமுக்கி என்றொரு வகை உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். நீங்கள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனால் மற்றவர்கள் உங்கள் முகத்தைப் பார்த்து "நல்லா இருக்கே" என்பார்கள். சாயமுக்கி சட்டை ஓரத்தை இரண்டு விரலால் கசக்கிப் பார்த்து, "சுத்தப் பருத்தியா? பழசானா தூக்கிப் போட்டுடாதீங்க, எனக்குக் குடுங்க" என்பார். உங்கள் முகம் அவர் கண்ணில் படவே இல்லை. மனத்துக்குள் அவர் உங்கள் முதுகைச் சதுரம் சதுரமாக வெட்டிக்கொண்டிருக்கிறார்.

தமிழில் துணி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது இவருக்காகத்தானோ என்னவோ. கையில் துணி கிடைத்தால் போதும், எதற்கும் துணிந்துவிடுவார்.

பிறக்கும்போதே யாரும் சாயமுக்கியாகப் பிறப்பதில்லை. நம்மைப் போலத்தான், கடையில் போர்வை வாங்கிப் போர்த்திக்கொண்டு தூங்கியவர். ஏதோ ஒரு மத்தியானம் பொழுது போகாமல் கைப்பேசியில் ஒரு வீடியோ பார்த்துத் தொலைத்தார். அன்றிலிருந்து காய்கறிக் கடையில் காயை விட்டுவிட்டு வெங்காயத் தோலைக் கேட்டு வாங்குகிறார். மாதுளம்பழத்தை யார் தின்றால் என்ன, தோல் தனக்கு வந்துசேர வேண்டும் என்று தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். துருப்பிடித்த ஆணிகளைத் தண்ணீரில் ஊறப்போட்டு, தயிர் வைத்திருந்த பாத்திரத்தில் மூடி வைக்கிறார். குளிக்கப் போன மாமனார் வாளியில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் ஒரு சொம்பு மொண்டு ஊற்றிக்கொண்டு, நீலமாக வெளியே வருகிறார்.

"அடுப்புல கொதிக்கிறது நமக்கா, துணிக்கா?" என்று வீட்டுக்காரர் தினமும் கேட்டுவிட்டுத்தான் தட்டை எடுக்கிறார்.

"துணிக்கு. உங்களுக்கு ரொட்டி இருக்கு, பாருங்க."

சாயம் ஏறிய துணியை வெட்டி, துண்டுகளைச் சேர்த்துத் தைத்து, நடுவில் பஞ்சு வைத்தால் வருவது என்ன? போர்வை என்று சொல்லிவிடாதீர்கள், முகம் சுண்டிப்போகும். அதற்குப் பெயர் குவில்ட். மாமனார் வாயில் அது குயில் என்றுதான் வரும். "ஏம்மா, குளிருது, அந்தக் குயிலை எடுத்துட்டு வா" என்று மருமகளைக் கூப்பிடுவார். வராது. ஏனென்றால் எந்தக் குயிலும் இன்னும் முடியவில்லை. ஒன்றுக்கு ஓரம் பாக்கி, ஒன்றுக்குப் பஞ்சு பாக்கி, இன்னொன்று சாப்பாட்டு மேசையில் விரித்துக் கிடப்பதால் குடும்பமே தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறது.

தப்பித்தவறி ஒன்று முடிந்தால் உங்களுக்குப் பரிசாக வரும். தையல் கோணலாக இருக்கிறதே என்பீர்கள். "கைவேலைன்னா அப்படித்தான் இருக்கும்." நாலு மூலையில் ஒன்றைக் காணோமே? "கைவேலைன்னா அப்படித்தான்." போர்த்தித் தூங்கி எழுந்த என் கழுத்து பச்சையாக இருக்கிறதே அக்கா? "ரெண்டு தண்ணி அலசினா சரியாயிடும்." போர்வையையா, கழுத்தையா என்று நீங்கள் கேட்பதற்குள் அடுத்த துணியை முக்கப் போயிருப்பார். ஊரில் மற்றவர்கள் சாயம் என்றாவது ஒருநாள் வெளுத்துவிடுகிறது. இவர் சாயம் வெளுப்பதில்லை, அடுத்தவர் மேல் ஏறிக்கொள்கிறது.

இதுவரை சிரிப்புத்தான். எங்கள் அடுத்த வீட்டு அக்காவும் இந்த வகைதான், நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அக்காவின் கொழுந்தனார் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். போகிற வயசே இல்லை. சில மாதம் கழித்து அவருடைய மனைவி ஒரு பை நிறைய அவர் சட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் அப்போது அங்கே என் கத்திரிக்கோலைத் திருப்பிக் கேட்கப் போயிருந்தேன்.

"அக்கா, இதெல்லாம் சேர்த்து ஒரு போர்வை தைச்சுத் தர்றீங்களா?" என்றாள். போர்வை என்று சொன்னதை அக்கா அன்று மன்னித்துவிட்டார். அவள் ஒவ்வொரு சட்டையாக எடுத்துக் காட்டினாள். கட்டம் போட்டது ஆபீசுக்கு. கோடு போட்டது அவருக்கு ரொம்பப் பிடித்தது. மஞ்சள் சட்டையை மட்டும் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"பாப்பா பொறந்தப்போ ஆஸ்பத்திரிக்கு இதைத்தான் போட்டுட்டு ஓடி வந்தார். பேனா ஒழுகி பாக்கெட்ல கறை இருக்கு பாருங்க. அது அப்படியே இருக்கட்டும் அக்கா."

"என்கிட்ட விட்டுட்டே இல்ல? கவலையே படாதே" என்றார் அக்கா.

இந்த ஒரு குயில் மட்டும் மளமளவென்று முடிந்தது. எல்லோரையும் கூப்பிட்டார், நாங்களும் போனோம். சோபாவின் மேல் விரித்துப் போட்டிருந்தார். நீலம். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் ஒரே அவுரி நீலம். வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவுக்குத் தையலும் நேராக வந்திருந்தது, சாயமும் திட்டு இல்லாமல் பிடித்திருந்தது. வந்தவர்கள் எல்லாம் அடடா அடடா என்றார்கள்.

"கட்டம் ஒரு பக்கம், கோடு ஒரு பக்கம், நடுவுல ஒரு மஞ்சள்! ஒண்ணுக்கொண்ணு ஒத்தே போகலை. குவில்ட்னா கலரெல்லாம் ஒரே குடும்பமா இருக்கணும். அதான் சோடா போட்டு நல்லாக் கொதிக்க வெச்சு, அழுக்கு, வாசனை எல்லாத்தையும் எடுத்துட்டு, ப்ளீச் பண்ணி, அப்புறம் திரும்பத் திரும்ப முக்கினேன். கை பாருங்க!" என்று அக்கா கையைக் காட்டினார். எல்லோரும் கையைப் பார்த்தார்கள்.

அவள் மட்டும் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாகத் தடவினாள். முகத்தருகே கொண்டுபோய் மோந்தாள்.

"இதுல அந்த மஞ்சள் சட்டை எது அக்கா?"

"இதோ, இது. இல்ல, இது காலர் பக்கம்... இங்கதான் எங்கயோ இருக்கும்." அக்கா குனிந்து தேடினார், பிறகு நிமிர்ந்து பெருமையாகச் சிரித்தார். "பார்த்தியா! எனக்கே தெரியலை. அவ்வளவு நல்லா சேர்ந்திருக்கு!"

"வெட்டினது போக மிச்சம் ஏதாவது இருக்கா? சின்னத் துண்டு இருந்தாக்கூடப் போதும்."

"மிச்சத்தை வீணாக்குவேனா? அதையும் முக்கிட்டேன்."

அக்காவின் வீட்டுக்காரர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். செத்தது அவர் தம்பி. எனக்கு வந்த கோபத்துக்கு, மிச்சச் சாயம் எந்த வாளியில் இருக்கிறது என்று கண் தேடியது, அக்கா தலையில் கவிழ்க்க.

"போர்த்திக்கிட்டு நில்லு, ஒரு போட்டோ எடுக்கறேன்" என்றார் அக்கா. அவள் போர்த்திக்கொண்டு நின்றாள். "கொஞ்சம் சிரியேன்" என்று சொன்னபோதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது. தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

அந்தப் போட்டோவை அக்கா இன்றுவரை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டுகிறார். "எப்படி அழறா பாருங்க! அவ்வளவு பிடிச்சுப்போச்சு. கடையில வாங்கிக் குடுத்தா இப்படி அழுவாங்களா?"

நீங்கள் ஊசியையே தொட்டதில்லை, உங்கள் வீட்டு வாளியில் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது, அதனால் இதெல்லாம் வேறு யாரையோ பற்றியது என்று நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். இருக்கட்டும். நீங்களும் யாருக்காவது ஏதாவது பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்திருப்பீர்கள். பழைய அறையைப் புதுசாக்கிக் கொடுத்திருப்பீர்கள், மகனுக்கு நல்ல படிப்பாகப் பார்த்துச் சேர்த்துவிட்டிருப்பீர்கள், மனைவி எழுதியதைத் திருத்திக் கொடுத்திருப்பீர்கள். வாங்கிக்கொண்டவர் கண்ணில் தண்ணீர் வந்ததும் உங்களுக்கும் மனசு நிறைந்திருக்கும். ஏன் அழுகிறாய் என்று கேட்டீர்களா?